வாங்கும் முன்: சாய்ந்து மிதிக்க ஆசைப்படுவோரின் கடிதங்கள்

பின்னால் சற்றே சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் அரைச்சாய்வு சைக்கிளைப் பற்றிச் சென்ற முறை இரண்டே வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி அந்த இரண்டு வரியைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை நீக்கி ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி: வயது 63. சந்தைக்கும் நூலகத்துக்குமாகத் தினமும் ஆறேழு கிலோமீட்டர் சைக்கிளில் போகிறேன். மகன் வாங்கித் தந்த கியர் சைக்கிளில் குனிந்தே உட்கார வேண்டியிருப்பதால் மணிக்கட்டும் பிடரியும் வலிக்கின்றன. அரைச்சாய்வு சைக்கிள் வாங்கலாமா? எந்த வகை? (தஞ்சாவூர்)

பதில்: அரைச்சாய்வு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, பார்வைக்குச் சாதாரண சைக்கிள்தான். பெடல் மட்டும் முன்னே தள்ளி இருக்கும். வழக்கமான சைக்கிளில் கால் முழுதாக நீளும்படி சீட்டை உயர்த்தினால் நிற்கும்போது விரல் நுனிதான் தரையைத் தொடும். பாதம் பதியும்படி சீட்டைத் தாழ்த்தினால் மடங்கிய முழங்காலோடு மிதிக்க வேண்டியிருக்கும். பெடலை முன்னே நகர்த்தியதும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது: கால் நன்றாக நீள்கிறது, சிக்னலில் நிற்கும்போது சீட்டைவிட்டு இறங்காமலே இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனம் ‘டவுனி’ என்ற பெயரில் விற்பது இந்த வகை. கேன்சஸ் மாநிலத்தில் சிறிய விமானங்களைக் கட்டும் ரான்ஸ் நிறுவனமும் இப்படிப்பட்ட சைக்கிள்களைச் செய்தது.

இரண்டாவது வகையில் சீட்டுக்குப் பதிலாக முதுகுச்சாய்வு உள்ள நாற்காலி இருக்கும். உடம்பு தாழ்ந்து, கைப்பிடி நீண்டு மார்புக்கு அருகே வரும். முன்சக்கரம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் இதைவிடச் சுகமான வண்டி கிடையாது என்பது உண்மை. ஆனால் வண்டி நீளமானது, ஒடித்துத் திருப்ப அதிக இடம் கேட்கும், முதல் சில நாட்கள் கிளப்பும்போது தள்ளாடும். முதுகு சாய்ந்திருப்பதால் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் கடினம். கண்ணாடி இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது.

உங்கள் சந்தை வழிக்கு முதல் வகை போதும். ஆனால் கைகளிலிருந்து நீங்கிய பாரம் முழுவதும் இடுப்புக்குக் கீழேதான் இறங்கும் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். பள்ளம் வரும்போது நீங்கள் வழக்கமாகப் பெடலில் எழுந்து நிற்பீர்கள் அல்லவா, பெடல் முன்னே போய்விட்ட வண்டியில் அது ஏறக்குறைய முடியாது; அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகும். ஆகவே இரண்டு அங்குல அகல டயரும் ஸ்பிரிங் வைத்த சீட்டும் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. பணம் செலவழிக்கும் முன் இப்போதுள்ள சைக்கிளின் ஹேண்டில்பாரை உயர்த்தி, உங்கள் பக்கம் வளைந்து வரும் பாராக மாற்றிப் பாருங்கள். நம் அப்பாக்கள் ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிளில் சீட் குழாய் தரையோடு 66 முதல் 68 பாகை வரைதான் நிமிர்ந்திருக்கும். இன்றைய கியர் சைக்கிள்களில் அது 72, 73 பாகை. அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து போனதற்கு அந்த ஐந்தாறு பாகையும் வளைந்த கைப்பிடியும் காரணம். பலருடைய வலி சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டில் பயன்படுத்திய முதுகுச்சாய்வு சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சொர்க்கம் போல இருந்தது. வாங்கிவிடவா? (புதுச்சேரி)

பதில்: ஐயா, இதே புதுச்சேரியில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இதே போன்ற ஒரு வண்டியை, இதே போல முற்றத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கியவன் நான். எனக்கும் சொர்க்கமாகத்தான் இருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் இடுப்பு மரத்துப்போகும் என்பது முற்றத்தில் தெரிவதில்லை.

அதையாவது ஒரு தலையணை வைத்துச் சமாளித்தேன். மூன்றாவது மாதம் முன் டயர் வெடித்தது. டயரில் பதினாறு அங்குலம் என்று எழுதியிருந்ததால், குழந்தைகள் சைக்கிளுக்குப் போடும் பதினாறு அங்குல டயரை வாங்கிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் டயரை ரிம்மில் வைத்துப் பார்த்துவிட்டு, “சார், நம்பர் ஒண்ணுதான், ரிம் வேற” என்றார். குழந்தைகள் சைக்கிளின் ரிம் 305 மில்லிமீட்டர், என்னுடையது 349. நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அந்த வண்டி எட்டு மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது.

அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது போல ஒரு கோடிட்ட எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இருபது அங்குலம் என்ற ஒரே பெயரில் 406-உம் உண்டு, 451-உம் உண்டு. முன்னது எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். பின்னதற்கு அலைய வேண்டும். இருபத்தாறில் மலைச் சைக்கிளுக்கு 559, லேடீஸ் சைக்கிள்கள் பலவற்றுக்கு 590. நீங்கள் பார்த்த வண்டியின் இரண்டு டயர் எண்களையும் குறித்துக்கொண்டு போய், உங்கள் தெருக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தால் மேற்கொண்டு பேசலாம். அதன் பிறகும் ஒரு மணி நேரமாவது, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய சைக்கிளின் பெடல் அச்சை முன்னே நகர்த்தி வெல்டிங் வைத்துத் தர, தெரிந்த லேத் பட்டறைக்காரர் சம்மதிக்கிறார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் ஆகும். (கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். அச்சு ஒரு நூல் சாய்ந்தாலும் செயின் கழன்றுகொண்டே இருக்கும். வெல்டிங் விட்டால் செயினோடு நிற்காது.

கேள்வி: இணையத்தில் படத்தைப் பார்த்து அரைச்சாய்வு சைக்கிள் வாங்கினேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சீட்டை முழுதாக முன்னே தள்ளியும் பெடல் எட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்கள், என்ன நடவடிக்கை எடுக்கலாம்? (வேளச்சேரி)

பதில்: யாரும் உங்களை ஏமாற்றவில்லை. விற்பனைப் பக்கத்தில் எந்தக் கால் நீளத்துக்கு அந்த வண்டி என்று அளவு கொடுத்திருந்ததாக உங்கள் கடிதத்தின் நான்காவது பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிறவர்கள், அதைப் போல நூறு மடங்கு விலையுள்ள வண்டிக்கு ஏன் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். தரையில், சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, கால்களை நீட்டி, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளக்க வேண்டும். சாய்வு சைக்கிளுக்கு உயரத்தைவிட அந்த அளவுதான் முக்கியம். திருப்பி அனுப்பும் காலம் முடிந்திருக்காவிட்டால் இன்றே அனுப்புங்கள். முடிந்திருந்தால் கால் நீண்ட உறவினரைத் தேடுங்கள்.

கேள்வி: சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம், முதுகுவலிக்காக, ‘இறக்குமதி சொகுசு சைக்கிள்’ என்று 22,000 ரூபாய் அனுப்பினேன். வந்தது, வண்ணம் பூசிய பழைய லேடீஸ் சைக்கிள். அவருடைய எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் என்னையே திட்டுகிறார்கள். (சேலம்)

பதில்: அம்மா, திட்டுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வலியோடு இருப்பவர் வலி தீரும் என்று சொன்னவரை நம்பியது குற்றம் அல்ல. அந்த நம்பிக்கையை விலை பேசியவன்தான் குற்றவாளி.

இதைப் படித்து முடித்ததும் 1930 என்ற எண்ணை அழைத்து இணையவழிப் பண மோசடி என்று புகார் பதியுங்கள்; பணம் போன வங்கிக் கணக்கை முடக்க அங்கிருந்துதான் வழி பிறக்கும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உங்கள் வங்கிக்கும் அன்றே எழுத்துவடிவில் தெரிவியுங்கள். விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பார்சலின் மேல் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; இப்போது அது சைக்கிள் அல்ல, சான்று. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தேவைப்படும் என்பதால் காவல்துறையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். என்ன நடந்தது என்று மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய முன்பெடல் சைக்கிளின் சட்டத்தில், பத்தொன்பதாம் நாள் வெல்டிங் இணைப்பு விரிசல் விட்டது. கடைக்காரர் பில்லின் அடியில் உள்ள ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டுகிறார். (திருச்சி)

பதில்: இந்த வரியின் மேல் எனக்குள்ள பகை பழையது. ஜவுளிக்கடை முதல் மின்விசிறிக் கடை வரை பில்லின் அடியில் சட்ட வாசகம் போல அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். நாமும் அதைச் சட்டம் என்றே நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்குகிறோம். ஒரு முறை, கைப்பிடி உடைந்த குக்கரோடு நானும் அப்படி இறங்கி வந்திருக்கிறேன்.

சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்று பட்டியலிட்டிருக்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிப்பிடாவிட்டால் முப்பது நாட்களுக்குள். உங்கள் சைக்கிள் விரிசல் விட்டது பத்தொன்பதாம் நாள். அவர் அச்சிட்டு வைத்திருக்கும் அந்த வரியை எந்தச் சட்டமும் தாங்கி நிற்கவில்லை. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே ‘பில் இல்லாமல் என்றால் இவ்வளவு குறைக்கிறேன்’ என்ற பேச்சுக்கு மயங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும், குறைத்துத் தருவது விலையை அல்ல, உங்கள் உரிமையை.

இதில் பிடித்தமில்லாததால் வேறு நிறம் வேண்டும், மனம் மாறிவிட்டது என்பவர்களுக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொருளில் குறை இருக்க வேண்டும். உங்களுடையதில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை: வண்டியை ஓட்டாதீர்கள். யார் சொன்னாலும் விரிசலை வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள். அடைத்த நிமிடமே சான்று போய்விடும். நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பில் நகலோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில், பதினைந்து நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்த ஒரு அழைப்பிலேயே இறங்கி வரும். வராவிட்டால் திருச்சியிலேயே உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: முதுகுச்சாய்வு இருந்தால் முழங்கால் வலி குறையும் என்கிறார்களே? (ஈரோடு)

பதில்: குறையவும் செய்யும், கூடவும் செய்யும். சாதாரண சைக்கிளில் எழுந்து மிதித்தாலும் உங்கள் உடல் எடைதான் பெரும்பாலும் பெடலை அழுத்தும். முதுகை ஊன்றிக்கொண்டால் அதைவிடப் பலமாக உதைக்க முடியும், அந்தப் பலம் முழுவதும் முழங்கால் வழியாகத்தான் போகும். இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், அழுத்தி மிதிக்காதீர்கள். வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஜெல் சீட் உறை? (சென்னை)

பதில்: மூன்று வாங்கியிருக்கிறேன். மூன்றும் வழுக்கின.

கேள்வி: இவ்வளவு சுகமான வண்டி என்றால் ஏன் பந்தயங்களில் காணோம்? ஏன் கடைகளில் காணோம்? (மதுரை)

பதில்: பந்தயத்தில் தோற்றதால் அல்ல, வென்றதால். 1914 முதல் ஆஸ்கர் எக் என்பவர் வைத்திருந்த, ஒரு மணி நேரத்தில் 44.247 கிலோமீட்டர் என்ற சாதனையை, 1933 ஜூலையில் பிரான்சின் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே கட்டிய சாய்வு சைக்கிளில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி முறியடித்தார். அவர் முதல் வரிசை வீரர் அல்லர் என்பதுதான் பலருக்கு உறுத்தல். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் சைக்கிளின் வடிவத்துக்கு வரையறை வகுத்துச் சாய்வு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டது. பந்தயத்தில் இல்லாததைப் பெரிய நிறுவனங்கள் பெருவாரியாகச் செய்வதில்லை. ஆகவே நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதிதான். கப்பல் செலவு சேர்த்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகவே போய்விடும். விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இளமையில் சைக்கிள் ஓட்டியவர். இங்கே பூங்காப் பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறார், விழுவோமோ என்று பயப்படுகிறார். (டொராண்டோ)

பதில்: குறுக்குக் கம்பி இல்லாத முன்பெடல் வகை. பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே அடங்கிய கியராகப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சாலையில் தூவும் உப்பு, வெளியே தொங்கும் கியரை அரித்துவிடும். முதல் வாரம் பெடலைக் கழற்றிவிட்டு, பாதத்தால் தரையை உந்தி ஓட்டச் சொல்லுங்கள். புடவையோடு ஓட்டுவார் என்றால் செயினை முழுதாக மூடும் உறையும் வேண்டும்.

கேள்வி: என் கணவர் முதுகுச்சாய்வு சைக்கிள் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். லிஃப்டில் நுழையவில்லை, படியில் திரும்பவில்லை. மூன்று மாதமாக வீட்டு நடையில் நிற்கிறது. ஓட்டுவதும் இல்லை, விற்கவும் மனமில்லை. அவரிடம் என்ன சொல்வது? (நாகர்கோவில்)

பதில்: என் மனைவி என்னிடம் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. படிக்குக் கீழே கிடந்த என் வண்டியை, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, ஒரு கல்லூரி ஆசிரியர் கொண்டுபோனார். வெளியூரிலிருந்து வரவழைத்த 349 டயர்கள் இரண்டை இலவசமாகவே கொடுத்தனுப்பினேன். அவர் வீடு தரைத்தளம்தானா என்று கேட்டுக்கொண்ட பிறகு.