வேலை நாட்களில் தேவ பிரசன்னத்தை எப்படித் தேடுவது?

ஞாயிறு ஆராதனையில் பாடும்போது மனம் உருகுகிறது, திங்கட்கிழமை கடை வேலைக்குப் போனதும் எல்லாம் வற்றிவிடுகிறது, ஜெபித்தாலும் ஒன்றும் உணர முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில், பாரிசவாதத்தில் படுத்திருக்கிற அம்மாவைப் பார்க்கும் மகள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா விழுவதற்கு முன் எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. விடிய நாலரைக்கு எழும்பி முகம் கழுவி, வேதத்தோடு முக்கால் மணித்தியாலம். அந்த நேரத்தில்தான் கர்த்தர் என்னோடு இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துப் பேச்சும் போனதோடு அது குலைந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று தாதி சொல்லி அனுப்பினா. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிக்கால் மெத்தையில் அழுந்தாமல் கணுக்காலுக்கு மேலே ஒரு சுருட்டிய துணி. ஜெபிக்க முழங்காற்படியிட்டால் அப்படியே நித்திரையாகிவிடுவேன். ஆண்டவர் என்னை விட்டு விலகிவிட்டார் என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்போது என்னைத் தாங்கியது எலியா தீர்க்கதரிசியின் கதை, வேதத்தில் 1 இராஜாக்கள் 19. கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். அதற்கு முன் நடந்ததை வாசித்துப் பாருங்கள். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடந்தவரைத் தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். ஏன் ஜெபிக்கவில்லை என்று ஒரு கேள்வி இல்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். களைத்துப்போனவரிடம் கர்த்தர் அப்படித்தான் வந்தார்.

அதற்குப் பிறகு பக்கம் மாற்றுகிற நேரமே என் ஜெபநேரம் என்று வைத்துக்கொண்டேன். புதிதாக வார்த்தை தேட எனக்குச் சத்து இல்லை. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாற்றுவேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் குசினியில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், சட்டி பானைச் சத்தத்துக்குள்ளேயே தேவனோடு கதைத்து வாழ்ந்தவர். அவருக்குக் கிடைத்த சமாதானம் எனக்கு உடனே கிடைக்கவில்லை. வெறும் வாயால்தான் சொன்னேன்.

ஒரு இரவு இரண்டு மணி. அம்மாவின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் திருப்பிக்கொண்டே, பாதி நித்திரையில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்கிறேன். "இன்று எங்களுக்குத் தாரும்" என்று அம்மாவின் குரல். தண்ணி வேண்டும் என்று கேட்க முடியாத அம்மா, என் பெயரைச் சொல்ல முடியாத அம்மா, ஆமென் வரைக்கும் என்னோடு சொன்னா. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். பேச்சுக்கான பகுதி பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறதாம். அங்கே அடிபட்டாலும், காலமெல்லாம் சொல்லிப் பழகிய ஜெபமும் பாட்டும் சிலருக்கு மிஞ்சிவிடுமாம். இந்த விளக்கம் என் விசுவாசத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. அம்மா அந்த ஜெபத்தை ஒவ்வொரு நாளும் உணர்ந்து உருகியா சொல்லியிருப்பா? புட்டுக்கு மா குழைத்தபடி, அடுப்பைப் பார்த்தபடி, மனம் எங்கேயோ இருக்க எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பா. அதில் ஒன்றும் வீண்போகவில்லை. வாய் பூட்டிய நாளிலும் அது உள்ளே இருந்தது.

அம்மா விழுவதற்கு முன், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. எத்தனை பிள்ளைகள் போனார்கள். அடுத்து வந்த ஞாயிறுகளில் எங்கள் ஆராதனை வீட்டுக்குள்ளேதான். பாட வாய் வரவில்லை. அம்மா பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினா, நாங்கள் கூடச் சொன்னோம். உருகுவதற்கு மனம் எங்கே இருந்தது? ஆனால் அன்றைக்கு அவர் எங்களோடு இருக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிறு மனம் உருகுவதைச் சந்தேகிக்காதீர்கள், அதுவும் அவர் தருவது. திங்கள் காலை கடைக் கதவைத் திறக்கும்போது பரமண்டல ஜெபத்தையோ 23ஆம் சங்கீதத்தையோ வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றும் உணரவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். நாளைக்கும் அதே கதவு, அதே ஜெபம்.

அம்மாவுக்கு என் பெயர் இன்னும் வரவில்லை. நான் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கினால், "எங்கள் பிதாவே" என்று அவ சொல்லுவா.