பழைய இரும்பில் சிற்பம்: அறுபது வயதில் தொடங்குவோருக்கு

பாளையங்கோட்டையில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற 62 வயதுத் தலைமையாசிரியை ஒருவர் கேட்கிறார்: "பழைய இரும்பில் பறவை, விலங்கு உருவங்கள் செய்ய ஆசை. வெல்டிங் தெரியாது. சர்க்கரை நோய் உண்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது. உடனே மெஷின் வாங்கலாமா? செய்தவற்றைத் தோட்டத்தில் வைத்தால் துருப்பிடிக்காதா?"

மெஷினைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். இந்தக் கலையில் பாதிக்கு மேல் பொறுக்கி எடுப்பதிலும் அடுக்கிப் பார்ப்பதிலும்தான் இருக்கிறது. ஸ்பெயின் ஓவியர் பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளையின் தலையை உருவாக்கினார். அதற்கு வேண்டியிருந்தவை இரண்டே பொருள்கள். பழைய இரும்புக் கடையில் தேய்ந்த மண்வெட்டி, கலப்பைக் கொழு, சைக்கிள் செயின், பேரிங், ஸ்பேனர் ஆகியவற்றை வாங்கி, மணல் பரப்பிய தட்டில் வைத்து உருவம் கூடும்வரை மாற்றி மாற்றி அடுக்குங்கள். திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு ஒருமுறை சென்று, அங்குள்ள குறவன், குறத்தி சிலைகளில் உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். தொடக்கநிலைச் சிற்பங்கள் பெரும்பாலும் சாய்ந்து விழுவது இந்தக் கணக்கு தவறுவதால்தான்.

அடுக்கியதைக் கட்டுக்கம்பியால் பிணைத்து, தெரிந்த வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்து வாங்கலாம். வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடி அணிந்து அருகிலிருந்து பார்த்தால் தொழிலும் பிடிபடும்.

எல்லா இரும்பும் ஒரே விதமாக ஒட்டாது. பிரேக் டிரம், பழைய மோட்டார் பம்பின் உடல் போன்றவை வார்ப்பிரும்பு; சாதாரண வெல்டிங் ராடு கொண்டு பற்றவைத்தால் ஆறும்போது பற்றுக்கு அருகே விரிசல் விடும். கிரைண்டரில் பிடித்தால் சாதாரண இரும்பு நீண்ட வெளிர்மஞ்சள் பொறிகளையும், வார்ப்பிரும்பு குட்டையான செந்நிறப் பொறிகளையும் தரும். வார்ப்பிரும்பைப் போல்ட் போட்டு இணைப்பதே நல்லது.

சில பொருள்களைக் கொட்டகைக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகி, சில மணி நேரத்தில் நடுக்கத்துடன் காய்ச்சலை உண்டாக்கும். குரோம் பூச்சு அதைவிட மோசமானது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பெட்ரோல் டேங்க், ஷாக் அப்சார்பர் போல மூடிய உறைகள் சூட்டில் வெடிக்கக்கூடும்; டேங்க்கில் பெட்ரோல் இல்லாவிட்டாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும்.

கை பழகிய பின் ஒற்றை ஃபேஸில் ஓடும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் 2.5 மி.மீ. ராடும் போதும், 60 முதல் 90 ஆம்பியருக்குள் வேலை நடக்கும். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனியே போட்டுக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையில் புகை தேங்கும் என்பதால், இரு பக்கமும் திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரமாக இருக்கும் நாள்களில் மெஷினைத் தொட வேண்டாம். 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை ஆகியவை கட்டாயம். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தத் துணிப் புடவையோடு பட்டறைப் பக்கம் போகக் கூடாது.

சர்க்கரை நோயைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் தீப்பொறி சுட்டதும் தெரியாது, இரும்புத் தூள் குத்தியதும் தெரியாது. மூடிய தோல் ஷூ போட்டு, வேலை முடிந்ததும் பாதங்களைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் அருகிலேயே நிற்கக் கூடாது.

துருவைப் பொறுத்தவரை, பாளையங்கோட்டையில் உங்களுக்குச் சற்று வசதிதான். திருச்செந்தூர்க் கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இரும்பை விரைவாகத் தின்றுவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் பூசலாம். துருநிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் உதிரும் துகள்களை மட்டும் நீக்கி, நிறமற்ற லாக்கர் (மெருகுப்பூச்சு) பூசி, தேயும்போது மறுபூச்சு கொடுக்க வேண்டும். எப்படிப் பூசினாலும், மழைநீர் தேங்கும் குழிகளில் வடிதுளை இட்டு, கால்கள் மண்ணில் படாதபடி கல்பலகைமேல் நிறுத்துங்கள்.