ஒன்பது மாதக் குழந்தை தவழவில்லை, காய்ச்சலும் வந்திருக்கிறது: பயப்பட வேண்டுமா?

பர்மாவின் பெகு நகரிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார்: மகனுக்கு ஒன்பது மாதம் முடியப் போகிறது, பிடிமானமின்றி உட்காருகிறான், ஆனால் தவழவில்லை, எதிர்வீட்டுக் குழந்தை ஏழாம் மாதத்திலேயே தவழ்ந்து வாசற்படியைத் தாண்டியதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் பேச்சு, இந்த நிலையில் நேற்று மாலை முதல் காய்ச்சல், தெர்மாமீட்டரில் 39 டிகிரி செல்சியஸ், உடம்பில் ஏதோ குறை இருப்பதால்தான் இரண்டும் சேர்ந்து வந்தனவா என்பது அவருடைய அச்சம்.

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. நான் மருத்துவர் அல்லேன். ரங்கூனில் ஒரு பெண் குழந்தையை வளர்க்கும் தாய், அவ்வளவுதான். "மருத்துவரிடம் போக வேண்டாம் என்கிறாள்" என்று இதைப் படிப்பவர்கள் யாரும் பொருள்கொள்ள வேண்டாம். போக வேண்டிய நேரத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் மகளிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மாதக் கணக்கும் டிகிரிக் கணக்கும் பாதிச் செய்தியைத்தான் சொல்லும், மீதியைக் குழந்தையின் நடத்தைதான் சொல்லும்.

முதலில் தவழ்தலை எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகள் எந்தெந்த வயதில் என்னென்ன செய்தார்கள் என்று பார்த்து எழுதினார்கள். பிடிமானமின்றி உட்காருவது ஏறக்குறைய நான்காம் மாதத்திலிருந்து 9.2 மாதம் வரைக்கும், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரைக்கும், தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரைக்கும் நீண்டிருந்தன. அதாவது நலமான ஒரு குழந்தை எட்டாம் மாதத்தில் நடக்கலாம், இன்னொரு நலமான குழந்தை பதினேழாம் மாதத்தில் நடக்கலாம். அதைவிட முக்கியமான செய்தி, அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை என்பது. அவர்கள் நோயாளிகள் அல்லர். தவழாமலே நிற்கவும் நடக்கவும் போனவர்கள்.

என் மகள் அப்படிப்பட்டவள். குப்புறப் படுக்க வைத்தால் அழுவாள். உட்கார வைத்தால் சிரிப்பாள். பத்தாம் மாத வாக்கில், உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மறு காலால் தரையை உந்தி, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகக் கற்றுக்கொண்டாள். நகரும்போது ஒரு கை எப்போதும் காலியாக இருந்ததால் அதில் ஏதாவது ஒரு சாமானையும் எடுத்துப் போவாள். இதைப் பார்த்து எங்கள் வீட்டில் வருத்தப்படாதவர்கள் குறைவு. "இடுப்பில் பலமில்லை" என்றார் ஒருவர். "தாய்ப்பால் தண்ணீராக இருக்கிறது" என்றார் இன்னொருவர். மோல்மீன் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், மட்டும் தம் பிள்ளைகளில் மூத்தவரும் இப்படித்தான் நகர்ந்ததாகச் சொன்னார். பின்னர் தடுப்பூசி போடப் போனபோது மருத்துவரும் அதையே கேட்டார்: உங்கள் குடும்பத்தில் யாராவது இப்படி உட்கார்ந்து நகர்ந்ததுண்டா? இப்படி நகரும் குழந்தைகள் சற்றுத் தாமதித்தே நடப்பார்கள் என்றும், குடும்ப வழியாக இது வருவதுண்டு என்றும் அவர் விளக்கினார். அவர் சொன்னபடியே அவள் ஒன்றே கால் வயதைத் தாண்டித்தான் நடந்தாள்; இன்று அவளைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் உறவினர் ஒருவர் அன்போடு சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்தார். நான் அதை மறுத்தது இன்றுவரை சிலருக்கு மனத்தாங்கல். பெரியவர்களின் அன்பைக் குறை சொல்லவில்லை; ஆனால் வாக்கர் நடையைக் கற்றுத் தருவதில்லை, தரையில் புரண்டு எழும் நேரத்தைத்தான் குறைக்கிறது. படியில் உருண்டும், அடுப்படிக்குப் போய்ச் சூடானதை இழுத்தும் காயப்பட்ட குழந்தைகள் பலர் என்பதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும் ரங்கூன் வீடுகளில் அதற்கு இடமே இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்? ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை விட்டுவிட்டால் உடனே காட்ட வேண்டும். புதியது தாமதிப்பதைவிடப் பழையது போவதுதான் பெரிய அறிகுறி. ஒரு வயதுக்குள்ளாகவே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மறந்தது போல இருந்தாலும், கால்கள் விறைத்தோ துணிபோலத் துவண்டோ இருந்தாலும், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலும் காட்ட வேண்டும். உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். கைதட்டுகிறானா, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறானா, முகம் பார்த்துச் சத்தமிடுகிறானா என்று பாருங்கள். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குச் சொன்னது சப்பாணி கொட்டுவதை, அதாவது கைதட்டுவதைத்தானே. இவையெல்லாம் இருந்தால், தவழ்தலைப் பற்றி அடுத்த தடுப்பூசியின்போது கேட்டால் போதும்.

காய்ச்சல் அப்படியல்ல, அதற்கு இன்றே கவனம் வேண்டும். வீட்டில் யாராவது "பல் முளைக்கும் காய்ச்சல்" என்பார்கள். பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு வீங்கும், சிணுங்கல் இருக்கும். 39 டிகிரிக் காய்ச்சல் வராது. அந்தச் சொல்லை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல் முதன்முதலாக வந்தது அடைமழைக் காலத்தில், அவள் ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டுச் சில வாரங்கள் கழிந்த பிறகு. இரவில் மின்சாரம் இல்லை. கொசுவலைக்குள் விசிறியால் வீசிக்கொண்டு, கைவிளக்கின் வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 39ஐத் தாண்டி ஏறியது. மருந்து கொடுத்தால் இறங்கும். இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து பால் குடிப்பாள், கொசுவலையை இழுத்து விளையாடுவாள். சில மணி நேரத்தில் மறுபடியும் ஏறும். ஒரு நோட்டில் மணியையும், வெப்பத்தையும், குடித்த பாலையும், நனைந்த துணியையும் எழுதி வைத்தேன். மறுநாள் மருத்துவர் கேட்ட கேள்விகள் முழுவதும் அந்த நோட்டில் இருந்தன: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள்? காய்ச்சல் இறங்கும் நேரத்தில் விளையாடுகிறாளா? தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று? அந்த ஊசிக்குப் பிறகு ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும் வருவதுண்டாம். எங்கள் மகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டிருந்தது.

அவர் அஞ்சியது டெங்குவுக்கு. பர்மாவில் மழைக்காலம் என்றால் குழந்தைகளுக்கு டெங்குக் காலம். ஆகவே இரத்தத்தைப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னவற்றில் என் நெஞ்சில் நின்றது, டெங்குவில் ஆபத்து காய்ச்சல் ஏறும்போது வருவதைவிட அது இறங்கும்போதே அதிகம் வருகிறது என்பது. வெப்பம் தணிந்ததும் பெற்றோர் நிம்மதியாக உறங்கப் போகும் அந்த ஓரிரு நாளில்தான் நீர்ப்பகுதி இரத்தக் குழாய்களை விட்டுக் கசிந்து குழந்தை தளர்ந்துபோகலாம். விடாத வாந்தி, வயிற்று வலியால் அழுகை, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சில்லிட்ட கைகால்கள், எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், தெர்மாமீட்டர் 37 காட்டினாலும், புறப்பட்டுவிட வேண்டும். காய்ச்சல் எண்ணை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் மகளுக்கு இரத்தத்தில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. காய்ச்சல் முழுவதும் இறங்கிய பிறகு மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிக் கழுத்துக்கும் கைகளுக்கும் பரவின. வீட்டில் உடனே அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அதை நான் தடுக்கவில்லை. வேப்பிலை கட்டிய வீட்டில் விருந்தாளிகள் வராமல் குழந்தை ஓய்வாக இருந்தது நல்லதுதான். ஆனால் மருத்துவரிடமும் காட்டினேன். தட்டம்மை என்றால் இருமல், மூக்கு ஒழுகல், சிவந்த கண்கள் ஆகியவற்றோடு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே காதோரத்திலும் முகத்திலும் தடிப்பு தொடங்கும். காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாள் அடித்து, அது நின்ற பிறகு உடலின் நடுப்பகுதியில் தொடங்கும் தடிப்பு பெரும்பாலும் ரோசியோலா என்றார். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பல குழந்தைகளுக்கு வந்து தானே போகும் வைரஸ் நோய் அது. புள்ளிகள் அரிக்கவும் இல்லை, தழும்பும் விடவில்லை.

இங்கே என் மனக்குறை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தக் காய்ச்சலின்போது எங்கள் தெருப்பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் பாராசிட்டமால் கேட்டதற்கு, குழந்தையைப் பார்க்காமலே, எடையைக் கேட்காமலே, பெயரில்லாத மாத்திரைகளைப் பொடித்துக் கலந்த ஒரு பொட்டலத்தையும் ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் எடுத்து நீட்டினார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென் என்ற காய்ச்சல் மருந்தைக் கொடுக்கக் கூடாது, அது இரத்தக் கசிவைக் கூட்டலாம். ஆஸ்பிரினோ குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது கொடுக்கவே கூடாதது. பொட்டலத்துக்குள் என்ன இருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்? மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏழைத் தாய்மார்கள் வாங்கிப் போகிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை, விற்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

பாராசிட்டமாலையும் எடை பார்த்தே கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். எட்டுக் கிலோக் குழந்தைக்கு 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 5 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.2 மில்லிலிட்டர்தான். சொட்டு மருந்தைச் சிரப் என்று எண்ணி ஒரு தேக்கரண்டி கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். புட்டியில் எழுதியிருப்பதை வெளிச்சத்தில் படித்த பிறகே ஊற்றுங்கள். போர்வையால் சுற்றாதீர்கள், ஐஸ் தண்ணீரால் துடைக்காதீர்கள். தாய்ப்பாலைக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

உங்கள் மகனுக்கு இது இரண்டாம் நாள், மழைக்காலமும் கூட. ஆகையால் இன்று பகலிலேயே பெகுவில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். எட்டு மணி நேரமாகத் துணி நனையாவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உறங்கும்போது எண்ணிப் பார்க்கையில் மூச்சு நிமிடத்துக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ இரவென்று பார்க்க வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும், கொடுத்த மருந்தின் புட்டியையும், மணி எழுதிய தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.