போர்ட் ஃபார்வர்ட் பண்ணியும் வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் ஏன் என் மைன்கிராஃப்ட் சர்வருக்குள்ள வர முடியல?

உங்க பிரச்சனை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான். லேப்டாப்ல ஜாவா எடிஷன் சர்வர் ஓடுது, பக்கத்து ரூம்ல இருந்து தம்பி ஜாயின் ஆயிடுறான், ஆனா வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் டைம் அவுட்னு வருது, வீடியோ பாத்து 25565 போர்ட்டையும் ஃபார்வர்ட் பண்ணிட்டீங்க (அதாவது வெளிய இருந்து அந்த நம்பருக்கு வர்ற கனெக்ஷன லேப்டாப்புக்கு அனுப்புன்னு ரவுட்டர்ல சொல்லி வச்சுட்டீங்க), அப்பவும் ஆகல. கூடவே கேம் லேக் ஆகுது, திக்கித் திக்கி ஓடுதுன்னும் கேட்டிருக்கீங்க.

2020 லாக்டவுன்ல நான் இதே இடத்துல பத்து நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். மாமா பசங்க ரெண்டு பேரும் திருநெல்வேலில, சித்தி பொண்ணு சேலத்துல, நான் மதுரைல. யாரும் யாரையும் போய்ப் பாக்க முடியாத நேரம், ராத்திரி ஒரு மணி நேரமாவது ஒரே உலகத்துல உக்காந்து வீடு கட்டலாம்னு பசங்களுக்கு அவ்ளோ ஆசை, தினமும் சாயங்காலம் போன் பண்ணி "அண்ணா, இன்னைக்கு ரெடியா"ன்னு கேப்பாங்க, இன்னைக்கும் ஆகலடான்னு சொல்றதுக்கு மனசே வராது. ரவுட்டர மூணு தடவ ரீசெட் பண்ணேன், ஃபயர்வால ஆஃப் பண்ணிப் பாத்தேன், ஜாவாவத் தூக்கிட்டு மறுபடி போட்டேன். கடைசில பாத்தா தப்பு என் வீட்டுக்குள்ளயே இல்ல.

அதனால வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இத மட்டும் பாருங்க. ரவுட்டர் பேஜுக்குள்ள போங்க (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டருக்கு அடியில இருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கும்), அதுல ஸ்டேட்டஸ்ல இன்டர்நெட் இல்லன்னா வேன்னு (WAN) ஒரு இடம் இருக்கும், அங்க இருக்கற ஐபிய, அதாவது நெட்ல ரவுட்டரோட அட்ரஸ் நம்பர, எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் கூகுள்ல என் ஐபி என்னன்னு தேடிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஃபார்வர்டிங் வேலை செய்யும், எங்கயோ சின்னத் தப்பு இருக்குன்னு அர்த்தம். வேற வேறயா இருந்து ரவுட்டர்ல இருக்கறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சுதுன்னா நீங்க இருக்கறது சிஜிநேட்டுக்குப் (CGNAT, நெட் கம்பெனி நிறைய வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபியப் பங்கு போட்டுக் குடுக்கற முறை) பின்னாடி. 10ல ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168னு இருந்தா வீட்டுலயே ரெண்டு ரவுட்டர் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இருக்கும், ஃபைபர்காரங்க மாட்டின பெட்டி ஒண்ணு, நீங்க வாங்கி மாட்டினது ஒண்ணு. அப்படின்னா அவங்க பெட்டிய பிரிட்ஜ் மோடுக்கு (அது ரவுட்டர் வேலை பாக்காம நெட்ட அப்படியே உங்க ரவுட்டருக்குக் கடத்தும்) மாத்தித் தரச் சொல்லுங்க, இல்லன்னா ரெண்டுலயும் ஃபார்வர்ட் பண்ணணும்.

எனக்கு 100.74னு இருந்துச்சு. அத வச்சு என்ன முடிவு பண்றதுன்னு தெரியாமத்தான் அந்தப் பத்து நாள் போச்சு.

இது ஏன் இப்படின்னா, உங்க ரவுட்டர் ஒரு டேபிள் வச்சிருக்கு, வீட்டுல இருந்து ஒரு பாக்கெட் (டேட்டாவோட சின்னத் துண்டு) வெளிய போகும்போது யார் அனுப்புனா, எங்க போச்சுன்னு அதுல குறிச்சுக்கும், பதில் வந்தா அதப் பாத்து சரியான மெஷினுக்கு அனுப்பும். நீங்க அடுத்தவங்க சர்வர்ல போய் விளையாடறதுக்கு இது போதும், ஏன்னா பேச்ச ஆரம்பிக்கறது நீங்க. நீங்களே சர்வர் போட்டா பேச்ச ஆரம்பிக்கறது வெளிய இருக்கறவங்க, டேபிள்ல அவங்களுக்கு வரியே இல்ல, ரவுட்டர் அந்த பாக்கெட்டத் தூக்கிப் போட்டுடும். போர்ட் ஃபார்வர்டிங்ங்கறது அந்த வரிய நாமளே கையால எழுதி வைக்கறதுதான். சிஜிநேட்ல பிரச்சனை என்னன்னா நெட் கம்பெனி பக்கத்துல இதே மாதிரி இன்னொரு பெரிய டேபிள் இருக்கு, அதுக்கு பாஸ்வேர்ட் உங்க கிட்ட இல்ல. நாம பாக்கற இந்த நாலு நம்பர் ஐபி முறைக்குப் பேரு ஐபிவி4, அதுல மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடி அட்ரஸ்தான், உலக அளவுல மிச்சம் இருந்த கடைசி பிளாக்குகளையும் 2011 பிப்ரவரி 3ம் தேதி பிரிச்சுக் கொடுத்து முடிச்சுட்டாங்க, அதனால ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னாடி நிறைய வீட்ட வைக்க வேண்டியதாப் போச்சு. அந்த 100.64 ரேஞ்ச 2012ல இதுக்குன்னே ஒதுக்குனாங்க.

சிஜிநேட்தான்னு உறுதியாயிட்டா கஸ்டமர் கேர்ல ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டும்னு குடுக்கற, மாறாத பப்ளிக் ஐபி) கேக்கலாம், பெரும்பாலும் மாசாமாசம் தனியா காசு. நாலு பேர் விளையாடறதுக்கு அது தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன். டெயில்ஸ்கேல், இல்லன்னா ஸீரோடியர், ரெண்டும் வேற வேற ஊர்ல இருக்கற மெஷின்கள ஒரே நெட்வொர்க்கா சேக்கற ஆப், ரெண்டுல ஒண்ண எல்லாரும் இன்ஸ்டால் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் வெளிய நோக்கி பாக்கெட் அனுப்பி ரெண்டு டேபிள்லயும் வரிய உருவாக்கிக்கும், நேரா கனெக்ட் ஆக முடியலன்னா நடுவுல ரிலே, அதாவது வாங்கிக் கை மாத்தி விடற இன்னொரு சர்வர், வழியா போகும். அப்புறம் ஒரே வீட்டு வைஃபைல இருக்கற மாதிரிதான். நான் அன்னைக்கு ஸீரோடியர்தான் போட்டேன், அரை மணி நேரத்துல மூணு பேரும் உள்ள வந்துட்டாங்க, சித்தி பொண்ணு முதல்ல வந்து நின்னு குதிச்சுக்கிட்டே இருந்தா, அத இன்னும் மறக்கல. (டெயில்ஸ்கேல் குடுக்கற அட்ரஸும் 100ல தான் ஆரம்பிக்கும், அதே ரேஞ்ச்தான், அதப் பாத்துக் குழம்பிடாதீங்க.) ஃப்ரெண்ட்ஸ் எதுவும் இன்ஸ்டால் பண்ண மாட்டேன்னு சொன்னா பிளேஇட் மாதிரி டனல் சர்வீஸ் இருக்கு, உங்க மெஷின்ல மட்டும் ஓட்டினா போதும், அவங்களுக்கு ஒரு அட்ரஸ் குடுத்துடலாம், பிங் (டேட்டா போய்ட்டு வர்ற நேரம்) மட்டும் கொஞ்சம் கூடலாம்.

ரெண்டு ஐபியும் ஒண்ணா இருந்தும் ஆகலன்னா, நான் பாத்த வரைக்கும் பாதிப் பேரு தப்பா டெஸ்ட் பண்றாங்க. வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே சொந்த பப்ளிக் ஐபிய அடிச்சுப் பாக்காதீங்க, நிறைய ரவுட்டர் அத திருப்பி உள்ள விடாது, எல்லாம் சரியா இருந்தாலும் ஆகலன்னுதான் காட்டும். மொபைல் டேட்டா ஹாட்ஸ்பாட்ல இன்னொரு லேப்டாப்பப் போட்டுப் பாருங்க. போர்ட் செக்கர் சைட்டும் சர்வர் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் ஓப்பன்னு சொல்லும். அடுத்தது ஜாவா எடிஷனுக்கு டிசிபி 25565, போன்ல ஆடற பெட்ராக்குக்கு யுடிபி 19132, இத மாத்திப் போட்டா வேலைக்கு ஆகாது. விண்டோஸ்ல வைஃபை பப்ளிக் நெட்வொர்க்னு இருந்தா ஃபயர்வால் தடுக்கும், பிரைவேட்னு மாத்திட்டு ஜாவாவ அலோ பண்ணுங்க. லேப்டாப்போட உள் ஐபிய ரவுட்டர்ல ரிசர்வ் பண்ணி வைங்க, இல்லன்னா கரண்ட் போய் வந்த அடுத்த நாள் அது 192.168.1.5ல இருந்து 1.8க்குப் போயிருக்கும், ஃபார்வர்டிங் பழைய அட்ரஸையே பாத்துக்கிட்டு இருக்கும். பப்ளிக் ஐபியும் அப்படியே மாறும், அதுக்கு டக்டிஎன்எஸ்ங்கற சைட்ல ஃப்ரீயா ஒரு பேரு வாங்கிக்கோங்க, ஐபி மாறினாலும் ஃப்ரெண்ட்ஸ் அந்தப் பேரையே அடிக்கலாம்.

ஒரு விஷயத்துல மட்டும் தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. சில வீடியோல டிஎம்இசட் ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு சொல்லுவாங்க, அது லேப்டாப்போட எல்லா போர்ட்டையும் இன்டர்நெட்டுக்குத் திறந்து விடற வேலை, வேண்டவே வேண்டாம். 25565 திறந்துருக்கற ஐபிய விடாம தேடிக்கிட்டு இருக்கற பாட் (தானா ஓடற புரோகிராம்) நிறைய இருக்கு, யாருக்கும் அட்ரஸ் குடுக்கலயே, யாரு வரப்போறான்னு நினைக்காதீங்க. ஒயிட்லிஸ்ட் (நீங்க பேரு சேத்தவங்கள மட்டும் உள்ள விடற லிஸ்ட்) ஆன்ல வைங்க. ஆன்லைன் மோட (வர்றவங்க அக்கவுன்ட் நிஜமான்னு சரி பாக்கற செட்டிங்) ட்ரூலயே விடுங்க. ஒரு ஃப்ரெண்டு காசு கொடுத்து வாங்காத கேம் வச்சிருக்கான்னு அத ஃபால்ஸ் ஆக்கிட்டு போர்ட்டையும் திறந்து வச்சா, உங்க பேர டைப் பண்ணிட்டு யார் வேணா அட்மினா உள்ள வந்து நிப்பான், ஒயிட்லிஸ்டும் காப்பாத்தாது. 2021 டிசம்பர்ல லாக்4ஷெல்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சே, சாட்ல ஒரு வரி டைப் பண்ணாலே சர்வர் ஓடற மெஷினையே கைப்பத்தலாம்ங்கற அளவுக்கு மோசம், அந்த செய்தி வந்த ராத்திரி சர்வர நிறுத்திட்டு அந்த ஓட்டைய அடைச்ச 1.18.1 வெர்ஷன் போட்ட அப்புறம்தான் திரும்ப ஆன் பண்ணேன். அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க.

லேகப் பத்தியும் கேட்டிருந்தீங்க. சர்வர் கேம் உலகத்த ஒவ்வொரு அடியா நகத்தும், அந்த அடிக்குப் பேரு டிக், நொடிக்கு 20 டிக் ஓடணும், ஒரு டிக்குக்கு 50 மில்லி செகண்ட்தான் டைம், சர்வரோட லாக்ல (அது எழுதி வைக்கற பதிவுல) கான்ட் கீப் அப்னு வந்தா நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, லேப்டாப் திணறுது. வியூ டிஸ்டன்ஸ (எவ்ளோ தூரம் வரைக்கும் உலகத்தக் காட்டணும்ங்கற செட்டிங்) 10ல இருந்து 7க்குக் குறைங்க, ராம் 4 ஜிபி குடுங்க, அஞ்சாறு பேருக்கு அது தாராளம். லேப்டாப்ப ரவுட்டர்ல கேபிள்லயே சொருகுங்க.

ரவுட்டர் பேஜ்ல இருக்கற ஐபியோட முதல் ரெண்டு நம்பர மட்டும் எழுதுங்க, முழுசாப் போட வேண்டாம், அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.