ஓநாய் மாதிரி ஒரு நாய் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஓநாய் போலவே இருக்கும் நாய்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்கிறான். "ஓநாய் ரத்தம் துளியும் கிடையாது, நாய்களையே கலந்து தோற்றத்தை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள், இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை, பதிலும் சொல்லத் தெரியவில்லை. (கோவை வாசகர்)

பதில்: கலப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இன்று இனம் என்று நாம் பெயர் சொல்லும் எல்லா நாய்களும் யாரோ கலந்து, தேர்ந்தெடுத்து, வளர்த்து வந்தவைதான். ஆனால் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆடு மேய்க்கவோ, வேட்டைக்கோ, பனியில் வண்டி இழுக்கவோ வளர்த்த காலத்தில் இடுப்பு பலமில்லாத, கண் சரியில்லாத நாயால் அந்த வேலையைச் செய்ய முடியாது, அதனால் அதிலிருந்து குட்டி எடுக்கமாட்டார்கள். முகத்துக்காக மட்டும் வளர்க்கும்போது அந்தச் சோதனையே இல்லாமல் போகிறது. புகைப்படத்தில் இடுப்பும் தெரியாது, முதுகுத்தண்டும் தெரியாது.

உங்கள் மகன் பார்த்தது பெரும்பாலும் நார்தர்ன் இன்யூட் வகையாக இருக்கும். 1980களின் கடைசியில் இங்கிலாந்தில், பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கி, மலமுட், அப்புறம் அல்சேஷன் இவற்றோடு வம்சாவளி தெரியாத சில நாய்களையும் சேர்த்து உருவாக்கியது. 2011ல் வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் ஓநாய்க் குட்டிகளாக நடித்தவை இவைதான், அதற்கப்புறம்தான் உலகமே இவற்றைத் திரும்பிப் பார்த்தது. ஆரம்பத்தில் இருந்த நாய்கள் கொஞ்சம், கேட்பவர்களோ ஏராளம், முகமும் மாறிவிடக்கூடாது என்றால் என்ன செய்வார்கள்? சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ப்பார்கள். மறைந்து கிடக்கும் பரம்பரைக் கோளாறு தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் குட்டிக்கு வந்து சேர்வது இப்படித்தான். இந்த இனத்தில் டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற பரம்பரை முதுகுத்தண்டு நோய் இருக்கிறது. நடுவயது தாண்டிய நாய்க்குப் பின்னங்கால் முதலில் இழுக்கும், பிறகு தடுமாறும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல எழுந்து நிற்கவே முடியாமல் போகும், குணப்படுத்த மருந்து இல்லை. குள்ளமாகப் பிறந்து கண்ணும் பாதிக்கப்படும் இன்னொரு பரம்பரைக் கோளாறும் இதில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. சோதித்துப் பார்த்துச் சேர்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. சோதிக்க வழி இருந்தும் சோதிக்காமல் குட்டி விற்கிறவரை எந்த வாதத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

"ஓநாய் ரத்தம் துளியும் கிடையாது" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பின்லாந்தோடும் பிரிட்டனோடும் தொடர்புள்ள தமாஸ்கன் என்ற இனத்தை நாய்களை மட்டுமே கலந்து வந்தது என்றுதான் முதலில் சொன்னார்கள், அதன் முன்னோர் சிலவற்றில் ஓநாய்க் கலப்பு இருந்தது பிறகுதான் வெளியே வந்தது. வாங்குகிறவரிடம் வம்சாவளியை மறைப்பது, என் கணக்கில், கலப்பதைவிடப் பெரிய தப்பு.

அப்புறம் கோவை வெயில். குளிர் நாட்டில் வளர்ந்த இனம் அங்கே சரி, இங்கே உங்கள் மாடியில்? இரட்டை ரோமம் போர்த்திய நாய் அது. 2024ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்று இனப்பெருக்கம் செய்யக்கூடாத 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள், அதில் ஹஸ்கியும் மலமுட்டும் உண்டு. இந்த ஓநாய்த் தோற்ற நாய்களின் உடம்பில் அந்த இரண்டின் ரத்தமும் ஓடுகிறது. நாள் முழுக்க ஏ.சி. அறையில் பூட்டி வைத்து வளர்ப்பேன் என்றால், ஓடுவதற்கென்றே பிறந்த நாயை ஓடவிடாமல் வைத்திருப்பேன் என்று அர்த்தம். மகனிடம் இதை நேராகவே சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் நிஜ ஓநாயோடு நாயைச் சேர்த்து வளர்ப்பது இன்னும் நேர்மையானதா? காவலுக்கும் நன்றாக இருக்குமே? (சேலம் வாசகர்)

பதில்: காவலுக்கு என்று நினைத்துத்தான் நெதர்லாந்தில் லேண்டர்ட் சார்லோஸ் என்பவர் 1930களில் ஆரம்பித்தார். அல்சேஷன் பழைய உறுதியை இழந்துவிட்டது, ஓநாயைச் சேர்த்தால் அது திரும்ப வரும் என்று நம்பினார். வந்தது வேறு. ஓநாய் மனிதனைக் கண்டால் பாயும் பிராணி இல்லை, விலகி ஓடும் பிராணி. குட்டிகளும் அப்படியே கூச்சத்தோடும் மிரட்சியோடும் வளர்ந்தன, புது ஆளைக் கண்டால் ஒதுங்கின, காவல் வேலைக்கு உதவவில்லை. 1969ல் அவர் இறந்தார், 1975ல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்த நாட்டு கென்னல் கிளப் அவர் பெயரையே வைத்து இனமாக ஏற்றுக்கொண்டது. இன்று அந்த இனத்துக்கு ரத்த சம்பந்தம் நெருங்கிப்போய், வெளி நாய்களைச் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய நிலை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1955ல் எல்லைக் காவலுக்காகக் கார்பேத்திய ஓநாயோடு அல்சேஷனைச் சேர்த்த முயற்சி கொஞ்சம் தேறியது, ஆனால் அது ராணுவத்தின் கையில், பல தலைமுறை கடுமையாகத் தேர்ந்தெடுத்து நடந்த வேலை. வீட்டு வாசலில் நடக்கிற காரியம் இல்லை.

முதல் தலைமுறைக் கலப்பு நாய்க்கு நம் வீட்டு வாழ்க்கை பெரும் கொடுமை என்பது என் உறுதியான கருத்து. அடைத்தால் தவிக்கும், விட்டால் அடுத்த வீட்டு ஆடு கோழியைப் பிடிக்கும். அமெரிக்காவில் வெறிநாய்த் தடுப்பூசிக்கு ஓநாய்க் கலப்புக்கான அனுமதியே கிடையாது, அதனால் ஊசி போட்டிருந்தாலும், யாரையாவது கடித்துவிட்டால் போடாததாகவே கருதி, கொன்று மூளையைச் சோதிக்கும் நிலை வரலாம். பிரிட்டனில் முதல் இரண்டு தலைமுறைகளை வைத்திருக்க 1976ம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே 2024 மார்ச்சில் மத்திய அரசு தடைசெய்யச் சொன்ன நாய்ப் பட்டியலில் ஓநாய் நாயும் இருந்தது, அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது. 2025ல் பெங்களூருவில் ஒருவர் 50 கோடி ரூபாய்க்கு ஓநாய் நாய் வாங்கினேன் என்று பரபரப்பாக்கி, அமலாக்கத்துறை வீடு தேடி வந்த செய்தியும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விலைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் செய்தி வந்தது.

நம் ஓநாய்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்தியாவில் மொத்தமே 3,000 சொச்சம்தான் இருக்கும் என்று மதிப்பீடு, 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறோம். புணே பக்கத்துப் புல்வெளியில் தெருநாயோடு கலந்த ஓநாயை மரபணு ஆய்வு 2023ல் உறுதிசெய்தது. அங்கே நாயோடு கலப்பது ஓநாய் இனத்தையே அழிக்கக்கூடிய ஆபத்து, இங்கே நாம் அதே கலப்புக்குக் காசு கொடுக்கத் துடிக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்களைச் சொல்கிறீர்களே, நம் ராஜபாளையத்தில் மட்டும் எல்லாம் சரியா? (விருதுநகர் வாசகர்)

பதில்: சரியில்லை. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, இவை இருந்தால்தான் அசல் ராஜபாளையம் என்று நாமே பிடிவாதம் பிடித்தோம். வெள்ளையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது நாய்களில் தெரிந்த விஷயம், ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நிறம் கொண்ட குட்டிகளை ஒதுக்கியவர்களும் உண்டு. ஓநாய் முகத்துக்கு அலைகிறவரை நான் கேட்கிற அதே கேள்வியை நம்மையும் கேட்கத்தான் வேண்டும். நிறமுள்ள, காது நன்றாகக் கேட்கிற குட்டியைச் சேர்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாங்க வருகிறவர் மூக்கு கறுப்பு என்று முகம் சுளித்தால் விற்காதீர்கள்.

கேள்வி: சரி, குட்டி வாங்கப் போகிறவர் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? (கோவை வாசகரே மறுபடியும்)

பதில்: தாயைக் காட்டச் சொல்லுங்கள், குட்டிகளோடு இருக்கும் தாயை, போட்டோவை இல்லை. காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். 2017ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, ஒரு பெட்டை நாய் வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் ஈனக்கூடாது. பதிவு எண்ணையும் தாய் தகப்பன் இரண்டின் சோதனை முடிவுகளையும் காகிதத்தில் கேளுங்கள். ஓநாய்த் தோற்றம் என்று தனி விலை சொல்கிறவரிடம், அந்த முதுகுத்தண்டு நோய்க்கான மரபணுச் சோதனை செய்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அவருக்கு அது என்னவென்றே தெரியாவிட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு ஊரிலுள்ள விலங்குகள் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள், ஆசைக்கு வாங்கிப் பின்னால் கைவிட்ட ஹஸ்கி ஒன்று அங்கேயே இருந்தாலும் இருக்கலாம்.