பார்மசி வகுப்பில் உடலியங்கியல்: கேட்டதும் சொன்னதும்

பார்மசி மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தும் ஆசிரியை ஒருவரிடம் சக ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவை இவை.

கேள்வி: மேடம், இந்த வருடம்தான் பாடம் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். மருத்துவ மாணவர்களுக்கான பாடத்தையே சுருக்கி நடத்தினால் போதாதா?

பதில்: போதாது. சுருக்கினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், அழுத்திச் சொல்ல வேண்டியதும் சேர்ந்து குறையும். மருந்து எங்கே கை வைக்கிறதோ அங்கே நின்று நடத்துங்கள். எலும்புகளின் பெயர்களை வேகமாகக் கடந்துவிடலாம், தன்னியக்க நரம்பு மண்டலத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளில், இதயத்தில் முக்கியமாக பீட்டா 1, மூச்சுக்குழலில் பீட்டா 2 என்பது மனதில் பதியாவிட்டால், ஆஸ்துமா உள்ளவருக்கு இரண்டையும் தடுக்கும் ப்ரொப்ரனலால் ஏன் ஆகாது என்பது கடைசிவரை மனப்பாடம்தான்.

கேள்வி: சிறுநீரகம் என்றாலே வகுப்பு தூங்கிவிடுகிறதே?

பதில்: சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரான் படத்தில் ஆரம்பித்தால் தூங்கத்தான் செய்யும். கணக்கில் ஆரம்பியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி. வடிகட்டப்படுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவர்களையே பெருக்கச் சொல்லுங்கள். 180 லிட்டர் வரும். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சம் எங்கே என்று யாராவது கேட்பார்கள், பாடம் அங்கே தொடங்கட்டும்.

வடிகட்டிய சோடியத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் நெஃப்ரான் குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் குழலிலும், 25 சதவீதம் அடுத்து வரும் ஹென்லி வளைவிலும், 5 சதவீதம் அதற்கடுத்த சேய்மைச் சுருள் குழலிலும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளில் ஃப்யூரோசமைடு ஹென்லி வளைவின் ஏறுபுறத்தில் வேலை செய்கிறது, தயசைடு சேய்மைக் குழலில். எதற்கு வீரியம் அதிகம் என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒருவராவது, 65 சதவீதம் நடக்கும் இடத்தையே அடைத்தால் என்ன என்பார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அசெட்டசோலமைடு என்ற மருந்து அங்கேதான் வேலை செய்கிறது, ஆனாலும் அதன் வீரியம் குறைவு. காரணம், அங்கே தப்பிய சோடியத்தில் பெரும்பகுதியை அடுத்தடுத்த பகுதிகள் பிடித்துக்கொள்கின்றன.

கேள்வி: நான் மாணவி. நிஃபெடிபின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சரி. நாடித்துடிப்பு ஏன் ஏறுகிறது?

பதில்: ஏற்றுவது உடல்தான் அம்மா. கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கியதும் அவை மூளைத்தண்டுக்கு அனுப்பும் சமிக்ஞை குறையும், பரிவு நரம்புகள் முடுக்கப்படும், இதயம் வேகமெடுக்கும். நிஃபெடிபின் வகையைச் சேர்ந்த வெராபமில் இதயத்தையே மெதுவாக்குவதால் அதில் இந்த ஏற்றம் பெரிதாகத் தெரியாது. இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் கொடுத்தால் துடிப்பு என்ன ஆகும்? நீயே யோசித்துப் பார்.

கேள்வி: தவளை இதயச் சோதனைகள் இல்லாமல் செய்முறை வகுப்பை எப்படி நடத்துவது?

பதில்: கணினி சிமுலேஷன் போதும், ஒரு நிபந்தனையோடு. இதயத்தை மெதுவாக்குவது அசிட்டைல்கோலின், அதைத் தடுப்பது அட்ரோபின்; அட்ரோபின் கொடுத்த பிறகு அசிட்டைல்கோலின் கொடுத்தால் வரைபடம் எப்படி வரும் என்று முதலில் நோட்டில் வரையட்டும், பிறகு பொத்தானை அழுத்தட்டும். இல்லாவிட்டால் அது வெறும் வீடியோ பார்ப்பதுதான்.

கேள்வி: தேர்வில் "இதயத்தின் அமைப்பை விளக்குக" என்றுதானே வருகிறது?

பதில்: அதற்கும் தயார்படுத்துங்கள், வேறு வழியில்லை. உள்தேர்வு உங்கள் கையில்தானே இருக்கிறது? இரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பான் எடுப்பவர் வலிநிவாரணியான ஐபுப்ரோஃபெனும் சேர்த்து எடுத்தால், சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமெருலஸில் அழுத்தம் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஐபுப்ரோஃபெனால் உள்வரும் நுண்தமனி சுருங்குவதையும் ஏசிஇ தடுப்பானால் வெளியேறும் நுண்தமனி தளர்வதையும் வரைந்து, அழுத்தம் இறங்கும் என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.