ஆடி கழியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. வலது விரையில் கட்டி இருந்ததால் மதுரையில் அறுவை சிகிச்சை செய்து அந்த விரையை அகற்றினார்கள். ‘கோரியோகார்சினோமா’ என்ற வகைப் புற்றுநோய் என்று அறிக்கை வந்திருக்கிறது. நுரையீரலிலும் புள்ளிகள் உள்ளனவாம். உடனே கீமோ தொடங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆடி கழியட்டும், அதுவரை நாட்டு மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள் உறவினர்கள். கீமோவால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமோ, வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காதோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். விரைப் புற்றுநோய்களில் பலவும் முதலில் நிணநீர்க் கணுக்களுக்கே பரவும். மிக அரிதான இந்த வகையோ இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும், சிலருக்குக் கல்லீரல், மூளைக்கும் விரைந்து சென்றுவிடும். நஞ்சுக்கொடியில் இருப்பவற்றைப் போன்ற செல்களால் ஆனது என்பதால், கருவுற்ற பெண்களிடம் காணப்படும் எச்.சி.ஜி. ஹார்மோனை இது ஏராளமாகச் சுரக்கிறது. அதன் அளவையும், நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதையும் வைத்தே சிகிச்சையை முடிவு செய்வார்கள். மூளைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்ததே வழக்கமான கீமோ. 21 நாள் ஒரு சுற்றாக, பெரும்பாலும் நான்கு சுற்றுகள். 1970களில் சிஸ்பிளாட்டின் வந்த பிறகுதான் பரவிய விரைப் புற்றுநோயையும் பெரும்பாலோருக்குக் குணப்படுத்த முடிந்தது. இந்த வகை மற்றவற்றைவிடக் கடுமையானது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் குணமாக்கும் நோக்கத்துடனேயே மருத்துவர்கள் இதை அணுகுகிறார்கள். இடையில் நாட்டு மருந்து சேர்த்தால், சிஸ்பிளாட்டினால் ஏற்கெனவே சுமை ஏறும் சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படலாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே அந்த மாதங்களில் மதுரையிலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

ஒரு விரை இருந்தாலே பிள்ளைப்பேறு உண்டாகலாம். கீமோவால் விந்தணு குறையும். பலருக்குச் சில ஆண்டுகளில் மீளும், சிலருக்கு மீளாது. அதனால் முதல் ஊசிக்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம். ஓரிரு நாளில் முடியக்கூடியது. பெண் வீட்டாருக்குப் பின்னாளில் உண்மையைச் சொல்லியே மணம் பேசுங்கள். பங்காளிகள் அனைவருக்கும் இன்று அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் கடிதத்தில் மகனின் விருப்பம் ஓரிடத்திலும் இல்லை, ஆச்சி. அறிக்கையை அவர் கையில் கொடுங்கள். விந்தணுச் சேமிப்பைப் பற்றி மருத்துவர் அவரிடம் தனியே பேசட்டும். அப்போது நீங்கள் வெளியே காத்திருங்கள்.